ருமேனியாவோட பெஸ்ட் டிஃபெண்டர் யாரு? என் ஓட்டு பெலோடெடிச்சுக்கு

ஸ்வீப்பர் சீனு
ரெண்டு நாளா மண்டைக்குள்ள ஓடிட்டே இருக்கு, எங்கயாவது கொட்டணும்னு இங்க வந்தேன். பழைய ருமேனிய டிஃபெண்டர் கிவு, இத்தாலியோட இன்டர் கிளப்புக்கு கோச் ஆனதுல இருந்து எங்க பாத்தாலும் "ருமேனியா குடுத்த பெஸ்ட் டிஃபெண்டர்"னு அவர் பேரு தான். கிவு மேல எனக்கு ஒரு கோபமும் இல்ல, பிரமாதமான பிளேயர். ஆனா மியோட்ராக் பெலோடெடிச்னு ஒரு மனுஷன் இருந்தாரே, அவர எப்படிய்யா இவ்ளோ ஈஸியா மறந்தீங்க?

யூரோப்பியன் கப் (இப்ப சாம்பியன்ஸ் லீக்) ஆரம்பிச்சு இத்தன வருஷத்துல கிழக்கு ஐரோப்பால இருந்து ரெண்டே ரெண்டு கிளப் தான் ஜெயிச்சிருக்கு. 1986ல ஸ்டெயாவா புகாரெஸ்ட், 1991ல ரெட் ஸ்டார் பெல்கிரேட். ரெண்டு டீம்லயும் இருந்த ஒரே ஆளு இவரு. ரெண்டு ஃபைனலும் 120 நிமிஷம், ரெண்டும் 0-0, ரெண்டும் பெனால்டில முடிஞ்சது. கூட்டிப்பாருங்க, 240 நிமிஷம் இவரு லிபெரோவா நின்ன டீம் ஒரு கோல் கூட வாங்கல. ஒரு மேட்ச்ல எதிர்ல பார்சிலோனா, இன்னொன்னுல பாப்பான், வாடில், அபெடி பெலே இருந்த மார்சே. இதுக்கு மேல ஒரு டிஃபெண்டர் என்னதான் பண்ணணும்?

மஞ்சக்கார்டு மாணிக்கம்
யாருங்க இவரு, பேரே இப்பதான் கேள்விப்படுறேன் 😅 நான் 2005க்கு அப்புறம் தான் ஃபுட்பால் பாக்க ஆரம்பிச்சேன். எனக்கு தெரிஞ்ச ருமேனிய டிஃபெண்டர் சிவு மட்டும் தான், தலைல ஹெல்மெட் மாதிரி ஒன்னு போட்டுட்டு ஆடுவாரே.

ஆஃப்சைடு அண்ணாச்சி
தம்பி அது சிவு இல்ல, கிவு. ருமேனியன்ல அப்படித்தான் வாசிக்கணும். அந்த ஹெல்மெட்டுக்கு பின்னாடி ஒரு கதை இருக்கு, தெரிஞ்சுக்கோ. 2010 ஜனவரில கியேவோ மேட்ச்ல தலையோட தலை மோதி மண்டை ஓடே உடைஞ்சிருச்சு, ஆபரேஷன் பண்ணாங்க. வேற யாரா இருந்தாலும் அதோட வீட்ல உக்காந்திருப்பான். இந்த ஆளு ரெண்டு மூணு மாசத்துல திரும்பி வந்து, பார்சிலோனாவோட கேம்ப் நோவுல சாம்பியன்ஸ் லீக் செமி ஃபைனல் செகண்ட் லெக் தொடங்குறதுக்கு சத்த முன்னாடி இன்டர் பிளேயர் பாண்டேவுக்கு அடிபட்டு, கடைசி நிமிஷத்துல டீம்ல நுழைஞ்சு, மோட்டா ரெட் கார்டு வாங்கின அப்புறம் 10 பேரோட பார்சிலோனாவ தாங்கின அந்த சுவர்ல இவரும் ஒரு செங்கல். அப்புறம் மாட்ரிட் ஃபைனல்லயும் லெஃப்ட் பேக்கா இறங்கி கப்ப தூக்கினாரு. அஜாக்ஸ்ல இருபத்தி ரெண்டு வயசுக்குள்ள கேப்டன், ரோமா, இன்டர்னு பெரிய பெரிய இடம். 75 கேப், அதாவது நாட்டுக்காக 75 மேட்ச்.

சீனு, பெலோடெடிச் பெரிய ஆளுதான், நான் இல்லைங்கல. ஆனா அவர பத்தி யார்கிட்ட கேட்டாலும் முதல்ல வர்ற ஞாபகம் 1994 ஸ்வீடன் பெனால்டி தானே. அத என்ன பண்றது?

ஸ்வீப்பர் சீனு
வந்துட்டாருய்யா. இதுக்குத் தான் காத்திட்டு இருந்தேன். அதுக்கு தனியா வர்றேன் அண்ணாச்சி, ஆபீஸ்ல இருக்கேன்.

நடுராத்திரி மேட்ச்
அந்த ஸ்வீடன் மேட்ச நான் லைவா பாத்தேன். 1994, அமெரிக்கா வேர்ல்ட் கப், குவார்ட்டர் ஃபைனல். நமக்கு ராத்திரி ஒரு மணிக்கு ஆரம்பிச்சது, வீட்ல எல்லாரும் தூங்குறாங்கன்னு டிவி சவுண்ட ஒன்னுல வச்சிட்டு, திரைக்கு ஒரு அடி தூரத்துல தரைல உக்காந்து பாத்தேன். அந்த ருமேனியா டீம் மேல எனக்கு அப்படி ஒரு காதல். முந்தின ரவுண்டுல அர்ஜென்டினாவ 3-2ன்னு தூக்கி அடிச்சிருந்தாங்க, ஹாஜி, டுமிட்ரெஸ்குன்னு. எல்லாரும் ஹாஜிய பாப்பாங்க, நான் பின்னாடி நிக்கிற அந்த மீசைக்காரர பாத்துட்டு இருந்தேன். ஓடவே மாட்டாரு மனுஷன். அதாவது ஓட வேண்டிய தேவையே வராது அவருக்கு, பந்து எங்க வரும்னு தெரிஞ்சு முன்னாடியே போய் நிப்பாரு. பந்து கால்ல வந்ததும் காலரிக்கு தூக்கி அடிக்கிற பழக்கமே கிடையாது, தலைய நிமிர்த்தி நடு கோடு வரைக்கும் தானே கொண்டு போவாரு. ருமேனியால அவருக்கு பட்டப்பேரே மான்.

அந்த ஷூட் அவுட்ட சொல்றேன், ஏன்னா எல்லாரும் பாதி தான் சொல்றீங்க. ஸ்வீடன்காரன் மில்ட் முதல் கிக்க மேல தூக்கிட்டான், ருமேனியா தான் முன்னாடி இருந்துச்சு. அப்புறம் நாலாவது கிக் டான் பெட்ரெஸ்கு அடிச்சாரு, ஸ்வீடன் கோலி ரவெல்லி புடிச்சிட்டான். அங்கயே லீட் போச்சு. அஞ்சு முடிஞ்சு 4-4. சடன் டெத். லார்சன், அப்ப சின்னப்பையன், அடிச்சிட்டான். அடுத்து பெலோடெடிச். ரவெல்லி புடிச்சான், முடிஞ்சது. எங்கம்மா எந்திரிச்சு வந்து "யாருடா செத்தா"ன்னு கேட்டாங்க, அப்படி உக்காந்திருக்கேன் நான்.

ஆஃப்சைடு அண்ணாச்சி
பெட்ரெஸ்குவும் விட்டது மறந்தே போச்சு, ஒத்துக்கிறேன்.

ஸ்வீப்பர் சீனு
சரி வந்துட்டேன். நடுராத்திரி பாதி வேலைய முடிச்சு குடுத்துட்டாரு. மீதி இது. அந்த மேட்ச் பெனால்டில தோத்த மேட்சே இல்ல. எக்ஸ்ட்ரா டைம்ல ரடூச்சியோயு ரெண்டாவது கோல் போட்டு ருமேனியா 2-1. ஸ்வீடன்ல ஷ்வார்ஸ் ரெட் கார்டு வாங்கி வெளிய போயாச்சு, 10 பேரு. இன்னும் அஞ்சே நிமிஷம். 115வது நிமிஷம் தூரத்துல இருந்து ஒரு பந்து வருது, கோலி ப்ருனேயா வெளிய ஓடி வர்றாரு, கென்னெட் ஆண்டர்சன் அவருக்கு மேல எம்பி தலையால முட்டிட்டான். 2-2. கைல இருந்த செமி ஃபைனல் அங்க போச்சு. ஆனா கோலி தப்பு மூணு செகண்டுல முடிஞ்சிரும். பெனால்டிக்கு நடந்து போறவன் முகத்த கேமரா ஒரு நிமிஷம் காட்டும். அதான் இவரு பேரு ஒட்டிக்கிச்சு.

இன்னொன்னு. அதுக்கு மூணு வருஷம் முன்னாடி, 91ல, இத்தாலியோட பாரி ஊர்ல, யூரோப்பியன் கப் ஃபைனல்லயே, மூணாவது கிக் இவரு அடிச்சாரு, உள்ள போச்சு. அது யாருக்கும் ஞாபகம் இல்ல. ப்ரோசினெச்கி, பினிச், பெலோடெடிச், மிஹைலோவிச், பான்செவ், அஞ்சு பேரும் அடிச்சாங்க, மார்சேல அமொரோஸ் விட்டாரு, 5-3. அதே மேட்ச்ல ஒரு கூத்து, மார்சேக்கு கடைசில சப்பா வந்த ஸ்டோய்கோவிச் பழைய ரெட் ஸ்டார்காரரு, என் பழைய டீமுக்கு எதிரா பெனால்டி அடிக்க மாட்டேன்னுட்டாரு.

கோலி குமரேசன்
இந்த எடத்துல ஒரு கோலியா நான் வாய தொறக்கலன்னா சாமி குத்தம். 86 ஃபைனல்ல ஹீரோ டிஃபெண்டரும் இல்ல மண்ணும் இல்ல, ஹெல்முத் டுக்கடாம். பார்சிலோனாவோட நாலு பெனால்டியையும் நிறுத்தினாரு. நாலுல நாலு! முதல் மூணும் வலது பக்கம் பாஞ்சாரு, நாலாவதுக்கு அடிக்கிறவன் இவன் மறுபடி வலது தான்னு நெனச்சு மாத்துவான்னு யோசிச்சு இடது பக்கம் பாஞ்சாரு. செவில்ல மேட்ச், ஸ்பெயினுக்குள்ளயே, கிட்டத்தட்ட ஸ்டேடியம் முழுக்க பார்சிலோனா கூட்டம். ஸ்டெயாவாக்கும் முதல் ரெண்டு போகல, லகடூஷும் பாலின்ட்டும் அடிச்சு 2-0. அப்புறம் கைல ரத்தக்கட்டு வந்து அவரு கேரியரே கிட்டத்தட்ட அதோட முடிஞ்சது. 2024 கடைசில இறந்துட்டாரு.

ஸ்வீப்பர் சீனு
குமரேசா டுக்கடாமுக்கு கும்பிடு போட்டுட்டு தான் பேசுறேன். ஆனா பெனால்டி வரைக்கும் மேட்ச் போச்சுன்னா அந்த 120 நிமிஷம் யாரு தாங்கினா? யோவான், பும்பெஸ்கு, பெலோடெடிச், பர்புலெஸ்கு. பும்பெஸ்கு ஸ்டாப்பர், ஆள மோதி நிறுத்துற வேலை அவருக்கு. அதுல தப்பி வர்றத அள்ளுறது பெலோடெடிச். அப்ப அவருக்கு வயசு இருபத்தொன்னு, இன்னும் இருபத்திரண்டே ஆகல.

மஞ்சக்கார்டு மாணிக்கம்
லிபெரோ லிபெரோங்கறீங்க, இப்ப இருக்க சென்டர் பேக்குக்கும் அதுக்கும் என்ன வித்தியாசம்? கிண்டல் இல்ல, நிஜமாவே கேக்குறேன்.

ஸ்டாப்பர் பேக் செல்வம்
நான் சொல்றேன், நான் ஊர்ல ஸ்டாப்பரா ஆடினவன். பழைய ஆட்டத்துல ஒவ்வொரு டிஃபெண்டருக்கும் ஒரு ஆள குடுத்துருவாங்க, அவன் டீ குடிக்க போனாலும் கூட போகணும். ஸ்டாப்பர்னா எதிர் சென்டர் ஃபார்வர்டோட நிழல். லிபெரோக்கு மட்டும் ஆளு கிடையாது. எல்லாருக்கும் பின்னாடி நிப்பான், யாராவது தப்பு பண்ணா அத துடைப்பான், அதான் ஸ்வீப்பர்னும் பேரு. வெறுமன துடைக்கிறதோட நின்னா ஸ்வீப்பர், துடைச்ச பந்த வச்சு ஆட்டத்தையே ஆரம்பிச்சா லிபெரோ, நான் இப்படித்தான் பிரிப்பேன். எதிர் டீம்ல யாரும் இவன மார்க் பண்ண மாட்டான்ல, அதனால மேல ஏறி வந்தா திடீர்னு நடுவுல ஒரு ஆள் கூடுதல். அப்புறம் எல்லாரும் ஜோனல் (ஆளுக்கு பதிலா இடத்த காக்குறது), ஆஃப்சைடு டிராப்னு ஒரே கோட்டுல நிக்க ஆரம்பிச்சாங்க, பின்னாடி ஒருத்தன் நின்னா ஆஃப்சைடே கெட்டுப் போயிரும், அந்த வேலையே ஒழிஞ்சது.

எங்க டீம் லிபெரோ ஒரு அண்ணன், மேட்ச் முடிஞ்சு அவரு ஜெர்சி மட்டும் அழுக்கே ஆகாது. நான் மண்ணுல பொரண்டு எந்திரிச்சு வந்திருப்பேன், கைதட்டு எனக்கு தான் கிடைக்கும். பல வருஷம் கழிச்சு தான் புரிஞ்சது, நான் அத்தன தடவ பொரண்டும் கோல் விழாததுக்கு அவரு தான் காரணம்னு.

ஆஃப்சைடு அண்ணாச்சி
செல்வம் அந்த கடைசி வரி 👌

இப்ப வேற ஒரு விஷயம். சீனு, உன் ஆளு ஸ்டெயாவாவ நடுவுல விட்டுட்டு ஓடினவரு தானே? 88 டிசம்பர்ல ஓடினாரு, 89 மே மாசம் ஸ்டெயாவா மறுபடி ஃபைனல் போச்சு, லிபெரோ இல்ல, மிலன் 4-0ன்னு கிழிச்சு தொங்கவிட்டான். குல்லிட் ரெண்டு, வான் பாஸ்டன் ரெண்டு. கூட ஆடினவங்களுக்கு பண்ணது நியாயமா?

ஸ்வீப்பர் சீனு
ஓடினாருன்னு ஒரு வார்த்தைல சொல்லிட்டீங்க அண்ணாச்சி. அது எந்த நாடு, எந்த காலம்னு பாக்க வேணாமா? இந்த ஒரு போஸ்ட் நீளமா போகும், மன்னிக்கணும்.

பெலோடெடிச் பொறந்தது சொகோல்னு ஒரு கிராமம், கராஷ்-செவெரின் மாவட்டம், டான்யூப் ஆத்தங்கரை பக்கம், நின்னு பாத்தா எதிர்ல யுகோஸ்லாவியா. குடும்பம் செர்பிய குடும்பம், வீட்ல பேசுறது செர்பியன், அந்த ஊர்ல நெறைய பேரு அப்படித்தான். சின்ன வயசுல இருந்து மனசுக்குள்ள இருந்த டீம் ரெட் ஸ்டார். அதே ஆத்த நீந்தி அந்தப்பக்கம் போகப்பாத்து எத்தனையோ ருமேனியாக்காரங்க சுடுபட்டும் மூழ்கியும் செத்திருக்காங்க, சர்வாதிகாரி சவுசெஸ்கு ஆட்சில ரொட்டிக்கு க்யூ, குளிர்காலத்துல வீட்ல ஹீட்டிங் கிடையாது. இவருக்கு அந்த கஷ்டம் அவ்ளோ இல்ல, ஸ்டெயாவா ஆர்மி கிளப், சவுசெஸ்கு பையன் வாலண்டினோட செல்லப்பிள்ளை, வருஷா வருஷம் லீக் கப் இவங்களுக்கு தான், 104 லீக் மேட்ச் தோக்காம போன டீம் அது. அதாவது வசதியான இடத்துல இருந்துட்டு தான் கெளம்பினாரு. பசிக்காக போகலங்கறது தான் இதுல எனக்கு பிடிச்சதே.

1988 கடைசில யுகோஸ்லாவியா போனவரு திரும்பல. பெல்கிரேட்ல ரெட் ஸ்டார் கிளப்புக்கு தானா போய் நான் உங்களுக்கு ஆடணும்னு நின்னாரு. யோசிச்சு பாருங்க, ஏஜெண்ட் இல்ல, டிரான்ஸ்ஃபர் ஃபீஸ் இல்ல, யூரோப்பியன் கப் ஜெயிச்ச லிபெரோ ஒருத்தன் வேலை கேட்டு வந்த மாதிரி வாசல்ல நிக்கிறான். ருமேனியால ஆள் இல்லாமலே கேஸ் நடத்தி தேசத்துரோகம்னு 10 வருஷம் ஜெயில் தீர்ப்பு. ஐரோப்பிய ஃபுட்பால் அமைப்பு யூஃபா வேற ஒரு வருஷம் தடை. 24, 25 வயசு, ஒரு டிஃபெண்டருக்கு நல்ல வயசு, ஒரு வருஷம் ஃப்ரெண்ட்லி மேட்ச் ஆடிட்டு உக்காந்திருந்தாரு. 89 டிசம்பர்ல சவுசெஸ்கு கவுந்து, அப்புறம் தான் அந்த தண்டனை போச்சு. 90 வேர்ல்ட் கப் டீம்லயும் இவரு இல்ல, நேஷனல் டீம்க்கு திரும்பினது 92ல. அதனால தான் மொத்தமே 53 கேப். இன்னொரு ருமேனிய டிஃபெண்டர் போபெஸ்கு 115, கிவு 75னு நம்பர் போடுறவங்க நடுவுல காணாமப்போன அந்த வருஷங்களையும் சேத்து எண்ணணும்.

அந்த 4-0க்கு வர்றேன். அந்த மிலன் முன்னாடி அன்னைக்கு லிபெரோவா நீங்களும் நானும் சேந்து நின்னாலும் அதே தான் அண்ணாச்சி.

ஆஃப்சைடு அண்ணாச்சி
என்ன நிறுத்தினா 8-0 ஆகியிருக்கும், அது சரி 😄 தேசத்துரோகம் மேட்டர் இவ்ளோ தூரம்னு தெரியாது. ஓடினாருன்னு சொன்னத வாபஸ் வாங்கிக்கிறேன், போனாருன்னு வச்சுக்குவோம். ஓட்டு இன்னும் கிவுக்கு தான்.

புள்ளிவிவரப் புலி
ஒரு டெக்னிக்கல் பாயிண்ட். "ரெண்டு வேற கிளப்போட யூரோப்பியன் கப் ஜெயிச்ச முதல் ஆள்"னு இவர பத்தி எல்லா எடத்துலயும் எழுதுறாங்க. அது அப்படியே எடுத்துக்க முடியாது. ஜிம்மி ரிம்மர்னு ஒரு இங்கிலீஷ் கோலி, 1968ல மான்செஸ்டர் யுனைடெட் ஃபைனல்ல பெஞ்சுல உக்காந்திருந்தாரு, 1982ல ஆஸ்டன் வில்லாக்கு ஃபைனல்ல இறங்கி 9 நிமிஷத்துல அடிபட்டு வெளிய வந்தாரு. டீம் ரெண்டு தடவையும் ஜெயிச்சது. ரெண்டு கிளப்புக்கும் ஃபைனல்ல நிஜமா கிரவுண்டுல ஆடி ஜெயிச்ச முதல் ஆள்னு சொன்னா தான் சரி, அது பெலோடெடிச்.

கோலி குமரேசன்
ரெண்டு ஃபைனல்லயும் சேத்து 9 நிமிஷம் ஆடி ரெண்டு கப்பு. கோலி வாழ்க்கைன்னா இது.

ஸ்வீப்பர் சீனு
புலி சொன்னது கரெக்ட், நானே அப்படித்தான் தப்பா சொல்லிட்டு திரிஞ்சேன். பின்னாடி கோமன், டெசாயி, சவிச்செவிச்னு நெறைய பேரு வந்துட்டாங்க, சீடார்ஃப் மூணு கிளப்போடவே வாங்கிட்டாரு. ஆனா அவங்க எல்லாம் மில்லியன்ல விலைபோய் வேற கிளப்புக்கு போனவங்க.

நடுராத்திரி மேட்ச்
அண்ணாச்சி, உங்க கிவு பொறந்த ஊரு ரெஷிட்சா. அது எந்த மாவட்டம்னு பாருங்க. அதே கராஷ்-செவெரின். சீனு ஆளும் உங்க ஆளும் ஒரே மாவட்டத்துக்காரங்க!

அது மட்டும் இல்ல, யூரோ 2000ல ரெண்டு பேரும் ஒரே ஸ்குவாடு. ஒருத்தருக்கு 36, இன்னொருத்தருக்கு 19. இங்கிலாந்த 3-2ன்னு அனுப்பி வச்ச மேட்ச்ல முதல் கோல் கிவுவோடது, இடது பக்கத்துல இருந்து கிராஸ் போட்ட மாதிரி இருந்தது, போஸ்ட்ல பட்டு உள்ள போச்சு. கிராஸா ஷாட்டான்னு அவருகிட்ட தான் கேக்கணும்.

ஆஃப்சைடு அண்ணாச்சி
ஷாட்டு தான்யா!!

ஸ்டாப்பர் பேக் செல்வம்
போபெஸ்குவ எல்லாரும் ஒரு வரில தாண்டிட்டீங்க. பார்சிலோனாக்கு கேப்டனா இருந்தவரு. 2000ல கோபன்ஹேகன்ல கலாட்டாசராய் யூஃபா கப் ஜெயிச்சப்ப ஆர்சனலுக்கு எதிரா கடைசி பெனால்டிய உள்ள போட்டவரே அவரு தான். ருமேனிய டிஃபெண்டருக்கு பெனால்டி ராசி இல்லன்னு யாராவது கெளம்புறதுக்கு முன்னாடி சொல்லி வச்சிட்டேன்.

மஞ்சக்கார்டு மாணிக்கம்
இவ்ளோ பேசுறீங்களே, நான் நேரா அந்த 91 ஃபைனல் முழு மேட்ச் வீடியோவ பாத்துட்டு வந்து ஓட்டு போடுறேன். எப்படி இருக்கும்?

கோலி குமரேசன்
வேணாம் தம்பி 😂😂

நடுராத்திரி மேட்ச்
செமி ஃபைனல பாரு. பயர்னுக்கு எதிரா, பெல்கிரேட்ல, 90வது நிமிஷம் ஆகென்டாலர் ஓன் கோல், ஸ்டேடியமே இடிஞ்சு விழுற மாதிரி இருக்கும். ஃபைனல் வேண்டாம்.

ஸ்வீப்பர் சீனு
பாக்கட்டும் விடுங்க. ஆனா முன்னாடியே சொல்லிடறேன், கோச் பெட்ரோவிச் அன்னைக்கு பந்த மார்சேக்கிட்டயே குடுத்துட்டு பின்னாடி நில்லுங்கன்னுட்டாரு, திறந்து ஆடினா கிழிச்சிருவான்னு பயம். சவிச்செவிச், ப்ரோசினெச்கி, பான்செவ்னு அப்படி ஒரு அட்டாக்க வச்சிட்டு! மிஹைலோவிச்சே பிற்பாடு போரான ஃபைனல்னு ஒத்துக்கிட்டாரு. நீ பந்த பாக்காத, 120 நிமிஷமும் பெலோடெடிச்ச மட்டும் பாரு. பாப்பான் பக்கம் பந்து போற ஒவ்வொரு தடவையும் இவரு எத்தன அடி நகர்றாருன்னு பாரு. அந்த டீம் அடுத்த வருஷம் போர் வந்து சொந்த ஊர்லயே ஐரோப்பிய மேட்ச் ஆட முடியாம ஹங்கேரி, பல்கேரியான்னு அலைஞ்சு, ஒவ்வொருத்தனா கெளம்பிப்போய் சிதறிடுச்சு. இவரு வலென்சியா போனாரு, அப்புறம் வயாடோலிட், வியாரியால், மெக்சிகோல அட்லாண்டே. 98ல எங்க திரும்பினாரு தெரியுமா? ஸ்டெயாவாக்கே. துரோகின்னு தீர்ப்பு எழுதின அதே நாட்டுல, விட்டுட்டுப் போன அதே கிளப். 2001ல லீக் கப்போட முடிச்சாரு.

ஆஃப்சைடு அண்ணாச்சி
அது எனக்கு தெரியாது. திரும்பி வந்து ஆடினாரா...

மஞ்சக்கார்டு மாணிக்கம்
பாத்துட்டேன். உண்மைய சொல்றேன், யாரும் திட்டாதீங்க. சீனு அண்ணன் சொன்ன மாதிரி முதல் பாதி அவர மட்டும் பாத்தேன், நோட்டு போட்டு எண்ணவும் ஆரம்பிச்சேன், பாப்பானுக்கு வர்ற பந்துக்கு முன்னாடியே ரெண்டு மூணு தடவ நிக்கிறாரு, ஒரு தடவ நெஞ்சுல வாங்கி அப்படியே நடந்து போனாரு. செகண்ட் ஹாஃப்ல எப்ப தூங்கினேன்னே தெரியல. முழிச்சு பாத்தா பெனால்டி ஓடிட்டு இருக்கு, சரியா மூணாவது கிக், அவரு தான் பந்த வைக்கிறாரு. போட்டுட்டு பெருசா குதிக்க கூட இல்ல.

நடுவுல நான் ஏதாவது மிஸ் பண்ணிட்டேனா?

ஸ்டாப்பர் பேக் செல்வம்
ஒன்னும் நடக்கல தம்பி. நடக்க விடல.

மஞ்சக்கார்டு மாணிக்கம்
சரி என் ஓட்ட எழுதிக்கங்க, பெலோடெடிச். இன்னைக்கு நைட்டு மறுபடி செகண்ட் ஹாஃப்ல இருந்து பாக்கப்போறேன், காபி போட்டு வச்சிட்டு.